யாருக்க சீட்டு இது?

ஜெனிஷா, அஜின், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் ஜெனிஷா காலேஜிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து கட்டம் கட்டமாக ஒரு பக்கத்தைக் காட்டினாள். "அப்பா, ஒரு தொழில் எப்பிடி நடக்குதுண்ணு ஒரே பக்கத்துல எல்லாரும் சேந்து எழுதலாம். அவங்கவங்க இடத்துல இருந்தே எழுதலாம், தெரியுமா?" என்றாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தம் ஒம்பது அறை. வலது பக்கம் வாங்குதவங்க, நடுவுல நாம குடுக்கது" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அஜின் சிரித்தே விட்டான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற அப்பாவுக்கு இது எங்கே தெரியும் என்ற சிரிப்பு. தப்பில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

அப்போது சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது. எனக்கு அந்த ஒன்பது அறையைக் காட்டித் தந்தவர் ஒரு பெண். அவர் பெயரை எழுதப் போவதில்லை. தான் எழுதாத இடத்தில் தன் பெயர் இருப்பது அவருக்குப் பிடிக்காது. வாசித்தால் உங்களுக்கே புரியும்.

முதலில் அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் யாராவது கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தால், அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். எனக்கு ரப்பர் வெட்டுகிற கை. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அமுங்கும். ஒரு வரி எழுதுவதற்குள் சாயா ஆறிப்போகும். பக்கத்தில் இருப்பவருக்குப் பொறுமை போய், "தள்ளுங்க, நான் அடிக்கேன்" என்று சொல்லத்தான் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கும். அதனால்தான் கைகளை அப்படிக் கட்டிப் போட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரைக்காரர். அப்பாவுக்கு மீன் பிடிக்கிற வள்ளம் இருந்தது. கம்ப்யூட்டர் படித்து, திருவனந்தபுரத்தில் பெரிய ஆபீசில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, சின்னச் சின்னச் சங்கங்களுக்கு உதவி செய்கிற ஓர் அமைப்பில் சேர்ந்திருந்தார். வயது முப்பதுக்குள். எங்களை அண்ணே, அக்கா, சித்தி என்று அவரவர் வயதுக்குத் தக்கபடி கூப்பிடுவார். நாங்கள் மேடம் என்போம்.

எங்கள் சங்கம் உங்களுக்கு நினைவிருக்குமா தெரியாது. அஜின் அப்போது ஒன்றாம் வகுப்பு. குலசேகரத்துக்கு மேலே பதினான்கு பேர் சேர்ந்து ஒரு தேன் சங்கம் வைத்திருந்தோம். விடிந்தால் ரப்பர் வெட்டு, அது முடிந்தால் தேன் பெட்டி. தை, மாசியில் ரப்பர் துளிர்க்கும்போது இலைக் காம்பில் தேன் சுரக்கும். தேனீக்கள், எங்கள் பேச்சில் வெறும் ஈ, அதைக் கொண்டுவந்து பெட்டியை நிறைக்கும். உங்கள் பெரியப்பா, அதாவது என் மூத்த அண்ணன்தான், தலைவர். உள்ளூரில் பாட்டிலில் விற்கிற கொஞ்சம் போக, எங்கள் எல்லார் தேனையும் ஒரு வியாபாரி வந்து கேனில் ஊற்றிக்கொண்டு போவார். அந்தக் கேன் எங்கே போகிறது, எந்தப் பெயரில் விற்கிறது, யார் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் தெரியாது. பத்து ஊர்த் தேன் ஒன்றாகக் கலந்த பிறகு அதில் என் தேன் எது, அண்ணன் தேன் எது?

நம் தேன் நம் ஊர்ப் பெயரில் போகவேண்டும். எங்களுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான். ஒரு மருந்துக் கம்பெனி வாங்கக்கூடும் என்று தெரிந்தது. "உங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் தெளிவாகக் காட்டுங்கள், பிறகு வருகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதைக் காட்டுவதற்கு வழி சொல்லித் தரத்தான் மேடம் வந்தார்.

சர்ச் ஹாலில் கிழக்கு ஜன்னல் ஓரம் மட்டும்தான் இணையம் கிடைக்கும். லேப்டாப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குச்சியைச் சொருகி, அந்த ஜன்னலில் வைத்துத்தான் பலகையைத் திறப்பார். பலகை என்று நாங்கள் வைத்த பெயர். திரையில் ஒரே பக்கம், அதில் ஒன்பது அறை. யார் வாங்குகிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம், அவர்களோடு நமக்கு என்ன உறவு, நம் கையில் என்ன இருக்கிறது, நாம் என்ன வேலை செய்கிறோம், நமக்கு யார் துணை, இப்படி. ஒவ்வோர் அறையிலும் சின்னச் சின்னச் சீட்டு ஒட்டலாம். ஆளுக்கொரு நிறம். எழுதியவர் பெயர் சீட்டின் அடியில் தானாக வரும். இங்கே ஒருவர் எழுதினால், அந்த நிமிடமே வேறு ஊரில் பலகையைத் திறந்திருப்பவருக்கும் தெரியும்.

முதல் நாள் அண்ணன் கேலியோடுதான் தொடங்கினார். "கடலுக்க கரையில இருந்து மலைக்கு வந்து, எங்களுக்கு ஈ வளக்கச் சொல்லித் தரப்போறியளாக்கும்?"

"எனக்கு ஈயப் பத்தி ஒண்ணும் தெரியாது அண்ணே. கொட்டும்ணு மட்டும் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்" என்றார் மேடம்.

அண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி ஆறு சீட்டு ஒட்டினார். எல்லாம் பெரிய பெரிய சொற்கள். 'கலப்படமில்லாத சுத்தத் தேன்' என்பது அதில் ஒன்று. ஒட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மேடம் பலகையைப் பார்த்தார். "ஆறும் உங்க சீட்டு அண்ணே. மத்த பதிமூணு பேருக்க சீட்டு எங்க?"

"எல்லாருக்கும் சேத்துத்தான் நான் எழுதினேன்."

"அப்ப எல்லாருக்க பேரும்லா அடியில வரணும்? உங்க பேருதானே வந்திருக்கு."

"இந்தக் கம்ப்யூட்டருக்கு ஆளு பாத்து மரியாதை தரத் தெரியாது போல" என்றார் அண்ணன். ஹாலே சிரித்தது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

சங்கத்தில் இல்லாதவர்களைக்கூட அவர் விடவில்லை. தங்கம் அக்காவின் வீட்டுக்காரர்தான் உறுப்பினர். அக்கா பாட்டில் கழுவுவார், தேன் வடிகட்டுவார். ஒரு நாள் சாயா கொண்டுவந்தவரை மேடம் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்க சீட்டு எங்க?"

"எனக்கு எதுக்கு மக்கா சீட்டு? நான் பாட்டில் கழுவுத ஆளு."

"கழுவுத ஆளுக்குத்தானே பாட்டிலத் தெரியும்? எழுதுங்க."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'மூடி சரியாக மூடவில்லை. எறும்பு வருகிறது' என்று எழுதி, வாங்குகிறவர்கள் அறையில் கொண்டுபோய் ஒட்டினார்.

"ஏட்டி, எறும்பா நம்மகிட்ட தேன் வாங்குது?" என்றார் அவர் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம். ஒருவர் அந்தச் சீட்டை வேறு அறைக்குத் தள்ளக் கை நீட்டினார்.

"யாருக்க சீட்டு இது?" என்றார் மேடம்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "அக்கா, இது இங்கதான் இருக்கணுமா?" என்று கேட்டார்.

தங்கம் அக்கா தன் சீட்டை இன்னொரு தடவை வாசித்தார். "இங்கதான் இருக்கணும். மூடி சரியில்லண்ணா வாங்குதவனுக்குத்தானே கஷ்டம்? நமக்கென்ன, நாம வித்துட்டு வீட்டுக்குப் போயிருவோம்."

அடுத்த மாதமே மூடியை மாற்றினோம். தங்கம் அக்காவின் சீட்டு இல்லை என்றால் இன்றைக்கும் எறும்போடுதான் விற்றுக்கொண்டிருப்போம்.

ஞானம்மா சித்தியின் சீட்டைப் பற்றி உங்களுக்கு ஏற்கனவே சொல்லிச் சிரித்திருக்கிறேன், அதை எந்தப் பலகையில் ஒட்டினார் என்றுதான் சொன்னதில்லை. சித்தி தனியாகப் பன்னிரண்டு பெட்டி வைத்திருந்தார். மகன் மஸ்கட்டில். அவனையும் பலகையில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் சித்தி நாற்காலியில் இருக்கும்போது, திரையில் ஓர் அம்புக்குறி அவன் பெயரோடு அங்குமிங்கும் நகர்ந்தது.

"இது எனக்க மகன்லா? இப்ப இதுக்குள்ளயா இருக்கான்?"

"மஸ்கட்ல இருந்து பலகையப் பாக்கான் சித்தி" என்றார் மேடம்.

சித்தி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கால் மணி நேரம் தேடித் தட்டி, உறவு என்ற அறையில் ஒரு சீட்டு ஒட்டினார். 'மக்கா சாப்பிட்டியா'. அதற்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இன்னொரு சீட்டு தானாக முளைத்தது. 'சாப்பிட்டேன் அம்மா. கால் வலி எப்பிடி இருக்கு?'

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கம்பெனிக்காரன் பாத்தா சிரிப்பான். அத அழிங்க மேடம்."

"அது சித்திக்க சீட்டு. எழுதினவங்கதான் அழிக்கணும்."

"நான் அழிக்கமாட்டேன். அவனுக்க பதில் வந்திருக்குலா" என்றார் சித்தி. அந்தச் சீட்டு கடைசி வரை அங்கேயே இருந்தது.

அவருடைய அமைப்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்தார். எறும்பையும் 'சாப்பிட்டியா'வையும் கண்டு முகம் சுளித்தார். "இதையெல்லாம் எடுத்துவிட்டு நீங்களே இங்கிலீஷில் ஒழுங்காக ஒரு பலகை போட்டுவிடுங்கள். ஒரு மணி நேர வேலைதானே?" என்றார்.

"போடலாம் சார். ஆனா எல்லாத்துக்கும் அடியில எனக்க பேரு வரும். எனக்க கிட்ட ஒரு ஈ கூட இல்லியே" என்றார் மேடம்.

அதிகாரி சாயா குடிக்காமல் போனார். மேடத்துக்கு அவர்களுடைய ஆபீசில் அதன் பிறகு நல்ல பெயர் இல்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்களிடம் அவர் ஒரு சொல் சொன்னதில்லை.

எல்லாம் நல்லதென்றே சொல்லமாட்டேன். சில நேரம் அவர்மேல் எரிச்சல் வரும். எது சரி என்று கேட்டால் சொல்லவேமாட்டார். "எனக்கும் ஒரு நினைப்பு இருக்கு அண்ணே. நான் சொன்னா நீங்க அதத்தான் எழுதுவிய" என்பார். வழி தெரிந்த ஆள் முச்சந்தியில் நின்றுகொண்டு, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த எரிச்சல் பெரிய கோபமான ஒரு நாளைப் பற்றித்தான் இனி சொல்லவேண்டும்.

தேனைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். மழை மாதங்களில் ஈக்களுக்குத் தீனி கிடையாது. சீனிப்பாகு வைத்துத்தான் காப்பாற்றுவோம். அதில் தப்பில்லை. வைக்கவில்லை என்றால் ஈ செத்துப்போகும், அல்லது பெட்டியை விட்டுப் பறந்துவிடும். ஆனால் தையில் புதுத் தேன் வரத் தொடங்கும்போது, தின்று மிச்சமான பாகும் தேனடையில் இருக்கும். ஆகவே முதல் தடவை எடுக்கிற தேனைத் தனியாக வைத்துவிட்டு, இரண்டாம் எடுப்பிலிருந்துதான் விற்கவேண்டும். இது எங்கள் பதினான்கு பேருக்கும் தெரியும். ஆனால் பதினான்கு பேரும் சேர்த்துத்தான் ஊற்றினோம். வியாபாரி கேட்டதில்லை, நாங்கள் சொன்னதில்லை.

அந்த மார்கழியில் மேடம் எல்லாரிடமும் ஒன்று சொன்னார். மழை தொடங்குகிற நாளிலிருந்து பாட்டில் மூடுகிற நாள் வரை அவரவர் செய்கிற வேலையை, நல்லது கெட்டது பார்க்காமல், ஒவ்வொரு சீட்டாக எழுதச் சொன்னார். நான் எழுதினேன். அதில் ஒன்று: 'முதல் எடுப்பைத் தனியாக வைப்பதில்லை. சேர்த்து ஊற்றுகிறேன்.' பெரிய நியாயவான் என்று காட்ட எழுதவில்லை. கேட்டார், செய்வதை எழுதினேன். இன்று முந்நூறு மரத்தில் பால் வெட்டினேன் என்று சொல்வது போலத்தான் எனக்கு இருந்தது. நாங்கள் மட்டும்தானே பார்க்கப் போகிறோம் என்றும் நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஹாலில் கட்டிய நட்சத்திரத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. கம்பெனிக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பலகையைத்தான் அவருக்குக் காட்டப் போகிறோம். ஒன்பது மணிக்கே கூடி, ஒவ்வொரு சீட்டாக அண்ணன் உரக்க வாசித்துக்கொண்டே வந்தார். என் சீட்டில் வந்து நின்றார்.

"எலே, இது என்னலே?"

நான் பக்கத்தில் போனேன்.

"நீயாலே எழுதின?"

"ஆமா அண்ணே."

"மேல பாரு, எனக்க சீட்டு. கலப்படமில்லாத தேன். கீழ உனக்க சீட்டு. எனக்க கூடப்பொறந்தவனே என்னக் கள்ளன்னு எழுதி ஒட்டிருக்கான்."

"உங்களச் சொல்லல அண்ணே. எனக்க பெட்டியச் சொன்னேன்."

"அப்ப மத்தவன் பெட்டியில மட்டும் என்ன, வானத்துல இருந்தா தேன் வருது? படிக்கவனுக்குப் புரியாதா? அழிலே."

நான் அசையவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். அண்ணன் மேடம் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எல்லாச் சீட்டையும் அழிக்க முடியும்லா?"

"முடியும் அண்ணே." அவர் கைகள் தொடைக்கு அடியில் போயின. "அழிக்கமாட்டேன்."

"இது பதினாலு குடும்பம் மேடம். இது போச்சுண்ணா உங்களுக்கு வேற ஊரு, வேற சங்கம். எங்களுக்கு வேற எது இருக்கு?"

மேடத்தின் முகம் வெளிறியது. "தெரியும் அண்ணே" என்றார். கை மட்டும் வெளியே வரவில்லை.

நான் அவரிடம் போய்க் குனிந்து கேட்டேன். "சொல்லுங்க மேடம். நான் என்ன செய்யணும்?"

"எனக்கு ஒரு நினைப்பு இருக்கு அண்ணே. ஆனா சொல்லமாட்டேன். நீங்க அழிச்சாலும் உங்களக் குறைச்சு நினைக்கமாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நீங்க எழுதச் சொன்னதுனாலதானே எழுதினேன்? இப்ப கையக் கட்டிட்டு இருந்தா எப்பிடி?"

"எழுதச் சொன்னது நான்தான். வாறவரு கேட்டா நான் கேட்டு எழுதினதுண்ணு நானே சொல்லுவேன். அந்தப் பொறுப்பு எனக்கு. சீட்டு உங்களுக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்புக்குறியைச் சீட்டின் மூலையில் இருந்த பெருக்கல் குறிமேல் கொண்டு வைத்தேன். ஓர் அழுத்து, அவ்வளவுதான். எனக்கு முதல் இரண்டு பெட்டி வாங்கித் தந்தது அண்ணன். ஈ பிடிக்கக் கற்றுத் தந்ததும் அவர்தான். அழித்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அழித்த பிறகு பெட்டியில் இருப்பது மாறுமா? நம் ஊர்ப் பெயர் போட்டு விற்கப் போகிற முதல் பாட்டிலிலேயே பாகு இருக்கும். அந்தப் பெயருக்குத்தானே இத்தனை பாடு?

கையை எடுத்தேன். அதற்குக் கீழே புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். 'இந்த வருடம் முதல் நாங்கள் முதல் எடுப்பை விற்கமாட்டோம்.'

மேடம் வாசித்தார். "நாங்கள்ணு எழுதியிருக்கிய. யாரெல்லாம் அண்ணே?"

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் தலையசைக்கவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். எழுதியதைத் திருத்தினேன். 'இந்த வருடம் முதல் நான் முதல் எடுப்பை விற்கமாட்டேன். மழைக்கு ஈக்களுக்கே கொடுப்பேன்.'

பிறகு ஞானம்மா சித்தி எழுந்து வந்து என் தோளில் இடித்தார். "தள்ளிருலே அங்கோட்டு."

சித்தி எழுதியது ஒரே சொல். 'நானும்'. அடியில் அவர் பெயர் வந்தது. அடுத்த நிமிடம் மஸ்கட்டிலிருந்து நீலச் சீட்டு. 'அம்மா பெட்டிக்கு நான் சாட்சி.' அவன் அத்தனை நேரமும் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்! தங்கம் அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. பதினொரு மணிக்குள் என்னைச் சேர்த்து எட்டுப் பேர் ஆகியிருந்தோம். ஆறு பேர் எழுந்திருக்கவே இல்லை.

கம்பெனிக்காரர் வந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர், மலையாளம் கலந்து பேசினார். அவசரமே இல்லாமல் விரலைத் திரைமேல் ஓட்டி ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். 'மக்கா சாப்பிட்டியா'வைக் கண்டு சிரித்தார். என் சீட்டில் விரல் நின்றது.

"இது ஆரு எழுதியது?"

எழுந்து நின்றேன். "நான் சார்."

"கழிஞ்ச வருசத்துத் தேன்ல இது உண்டோ?"

"உண்டு சார். சேத்துத்தான் ஊத்தினேன்."

"எழுதச் சொன்னது நான்தான் சார்" என்றார் மேடம். கம்பெனிக்காரர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. விரல் மேலே போய் அண்ணனின் சீட்டில் நின்றது. "அப்போ இது? கலப்படமில்லாத சுத்தத் தேன்?"

நான் எழுதிய சீட்டால் என் அண்ணன் எல்லார் முன்னாலும் தலைகுனியப் போகிறார் என்று நினைத்தேன்.

பெரியப்பா ஜன்னலை விட்டு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றபடியே குனிந்தார். "அது எனக்க சீட்டு சார். நானே எடுக்கேன்" என்று சொல்லி, அம்புக்குறியைத் தேடிப் பிடித்து, அதை அழித்தார். எதையும் புதிதாக எழுதவில்லை. "நானும்ணு நான் இப்ப எழுதமாட்டேன். செய்துட்டு எழுதுதேன்" என்றார்.

ஜெனிஷா, அஜின், உங்கள் பெரியப்பாவை நான் அன்று பார்த்தது போல அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

திரும்பி மேடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தார். ஒயர் பின்னிய நாற்காலி அது. அவருடைய இரண்டு புறங்கையிலும் ஒயரின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்து சிவந்திருந்தது. எவ்வளவு அழுத்தி உட்கார்ந்திருந்தார் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கம்பெனிக்காரர் யாரையும் பாராட்டவில்லை. சாயா குடித்தார். இரண்டாம் எடுப்பிலிருந்து, அதுவும் எழுதிய எட்டுப் பேரிடம் மட்டும், சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். அப்படியே செய்தார். சோதனையில் தேறியது. பாட்டிலில் நம் ஊர்ப் பெயர் அச்சாகி வந்த அன்று தங்கம் அக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மற்ற ஆறு பேரில் மூன்று பேர் கோபித்துச் சங்கத்தை விட்டார்கள். அண்ணன் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் தையில், முதல் எடுப்பைத் தனிக் கேனில் மூடி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, ஒருவரிடமும் சொல்லாமல் தன் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டினார். 'நானும்'.

அதைப் பார்க்க மேடம் அங்கே இல்லை. அதற்கு முந்தின ஈஸ்டர் முடிந்ததுமே அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். போகும் முன்னால் பலகையை எங்கள் பெயருக்கு மாற்றித் தந்துவிட்டுத் தன் பெயரை எடுத்துவிட்டார். அன்று நான் ஒவ்வோர் அறையாகத் தேடினேன். எத்தனையோ சீட்டு, எத்தனையோ நிறம். அவர் எழுதிய சீட்டு ஒன்றுகூட இல்லை. அவர் வந்ததற்கு அந்தப் பலகையில் ஓர் அடையாளமும் கிடையாது. ஆனால் கழுவுகிற தங்கம் அக்கா முதல் தலைவரான என் அண்ணன் வரை, அவரவர் சொல் அவரவர் பெயரோடு இருந்தது. இதைச் செய்யத் தெரிந்த ஒருவரிடம் எட்டாம் வகுப்போடு நின்ற உங்கள் அப்பா ஆறு மாதம் படித்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது நீங்களும் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் போன பிறகு வந்த ஆனியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக ரப்பர் வெட்டு இல்லை. முதல் எடுப்புத் தேன் முக்கால் கேன் வீட்டில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, குடையைத் தோளில் இடுக்கித் தோட்டத்துக்குப் போனேன். மழைச் சத்தம்தான், வேறு ஒரு மனிதர் இல்லை. நான் அதை ஈக்கு வைத்தேனா, வியாபாரிக்கு ஊற்றினேனா என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். நல்ல தேன். இத்தனை வருடம் தேன் எடுக்கிற எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கேனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு தண்ணீர் கலந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, முதல் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டேன். அடுத்த பெட்டிக்கு நடந்தேன்.